நலங்குக்காக நிறுத்திய கிரீம்

1. முந்தின நாள் போன்

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பெண் வீட்டிலிருந்து போன் வந்தால் எனக்குப் பயம்தான். நல்ல சேதி சொல்ல அந்த நேரத்தில் யாரும் பியூட்டீஷியனைக் கூப்பிட மாட்டார்கள். சங்கரன்கோவிலில் பார்லர் வைத்து என் தலையே நரைத்துவிட்டது, இந்தப் படபடப்பு மட்டும் போகவில்லை. அன்றைக்குப் பேசியது மணப்பெண் கோமதியின் அம்மா.

"எம்மா, புள்ள மூஞ்சி வெந்துபோன மாதிரி கெடக்கு. நாளைக்கு எப்படி மேக்கப் போடுவ? உடனே வா."

ஒரு கஸ்டமருக்கு ஒரு புருவம் முடிந்து மறு புருவம் பாக்கி இருந்தது. அதை முடிப்பதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போய்ப் பார்த்தால், கோமதியின் கன்னம் இரண்டும் சிவந்து, பொரிப்பொரியாக இருந்தது. "நலங்கு மஞ்சள்தான் ஒத்துக்கிடல" என்று வீடே சொன்னது. எனக்கு நம்பிக்கையில்லை. அம்மாவைக் காப்பி போட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. என்னத்தப் போட்ட?"

பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மேலே லேபிள் கிடையாது. ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய நைட் கிரீம். நிச்சயத்துக்கு முன்னாலிருந்தே தினமும் பூசியிருக்கிறாள். நலங்கு வைத்த பெண் முகத்தில் மஞ்சளைத் தவிர எதுவும் படக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் போன வாரம் சட்டென்று நிறுத்திவிட்டாள். சீக்கிரம் வெளுக்க வைக்கும் இந்த மாதிரி கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் இப்படித்தான் கொதிக்கும்.

"இன்னைக்கு ஒரு நாள் போட்டா அமுங்கிரும்லக்கா? அவங்க வீட்ல நிச்சயத்துல பாத்த நெறம் அது. நாளைக்கு இப்படிப் போய் நின்னா என்ன நெனைப்பாங்க?"

போட்டால் அமுங்கும், விட்டால் இன்னும் மோசமாகத் திரும்பும்; அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டேன். "இதத் தொட்டேன்னா வேற ஆளப் பாத்துக்கோ" என்றேன்.

2. பாக்குவெட்டி

தோல் டாக்டரிடம் போக வேண்டும் என்றதும் அடுத்த வம்பு தொடங்கியது. நலங்கு வைத்தவள் தாலி ஏறும்வரை வாசல் தாண்டக் கூடாதாம். நான் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கடைசியில் கோமதியின் அம்மா எழுந்து போய் ஒரு பாக்குவெட்டியை எடுத்து வந்து மகள் கையில் திணித்தார்.

"இரும்பு கையில இருந்தா காத்து கருப்பு ஒண்ணும் அண்டாது. வெரசாப் போயிட்டு வாங்க."

கிளினிக்கில் மடியில் பாக்குவெட்டியோடு கோமதி உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர் மருந்து எழுதினார். தேய்க்காதே, ஆவி பிடிக்காதே, மேக்கப் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றார்.

3. முகூர்த்தக் காலை

சிவப்பு பாதிதான் அடங்கியிருந்தது. மாய்ச்சரைசர் போட்டுக் காய விட்டேன். சிவந்த இடத்தில் மட்டும், அதை மறைக்கப் பச்சை கரெக்டர். ஃபவுண்டேஷனைக் கழுத்து நிறத்துக்குப் பார்த்து எடுத்து, புது ஸ்பாஞ்சால் ஒத்தி ஒத்தி வைத்தேன். கோமதியின் அம்மா, "இன்னும் ஒரு கோட்டு வெள்ளையா அடியேம்மா" என்று பின்னால் நின்று அரித்துக்கொண்டே இருந்தார்.

கூறைப் புடவை கொடுக்க மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். கோமதியையே பார்த்தார்.

"நிச்சயத்துல நல்ல வெளுப்பா இருந்தியே?"

நான் லைட்டிங், அது இது என்று சமாளிக்க வாயெடுத்தேன். கோமதி முந்திக்கொண்டாள். "அது கிரீமு, அத்தை. என் நெறம் இதுதான்."

அந்த அம்மாள் புடவையை அவள் கையில் கொடுத்தார்.

"போட்டோவுல எம் மவனுக்குந்தான் தல நெறைய முடி இருந்துச்சு. மேடையில வந்து பாரு. கட்டிட்டு வெரசா வா, நேரமாவுது."

கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். நான் கூறையை வாங்கி மடிப்பெடுக்கத் தொடங்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, மணப்பெண்ணிடம் என்ன பூசுகிறாய் என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். எதை நிறுத்தினாய் என்றும் கேளுங்கள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பதில் வரும்வரை பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள்.