ஆயுத பூஜையன்று நிற்காத கிரேன்: குடிபாலாவிலிருந்து திருப்பதி வரை

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். குடிபாலா பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வயர்லெஸ் தொடர்பை வடிவமைத்தவன் நான். ஒரே வலையமைப்பை மென்பொருளால் தனித்தனித் தடங்களாகப் பிரித்து, ஒன்றை கிரேனை நிறுத்தும் கட்டளைக்கு மட்டும் ஒதுக்கினேன். அதில் வேறெதையும் ஏற்றாதீர்கள் என்று மேலாளருக்கு நான்கு முறை எழுதினேன். ஐந்தாவது கடிதத்துக்கு முன்பே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

சென்ற ஆயுத பூஜையன்று, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஓட்டிய கிரேன் நிற்காமல் போய் ஒரு தொழிலாளியின் காலை நசுக்கியது. ஓட்டுநர் முருகேசன் பொத்தானை அமுக்கவில்லை என்றது நிர்வாகம். இந்த வியாழன் மாலை நான்கு மணிக்குத் திருப்பதியில் விசாரணை இருந்தது. தோற்றால் அவருக்கு வேலை இல்லை.

அன்று காலை 9.00 மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன். குடிபாலாவில் முருகேசன் ஏறிக்கொண்டார்.

"மூணு தபா அமுக்கினேன் சார். அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்துச்சு. என் பொண்டாட்டியே இப்ப நெஜமா அமுக்கினியான்னு கேக்குறா."

தொழிற்சாலை கொடுத்த அச்சுப்பிரதியிலும் அமுக்கியதாக எதுவும் இல்லை. ஆனால் நான் பிளாக்செயின் வைத்திருந்தேன். ஒவ்வொரு கட்டளையும் மாற்றமும் முந்தைய பதிவோடு முத்திரையிட்டுக் கோக்கப்பட்டு, சித்தூர் கிடங்குக்கும் திருப்பதி அலுவலகத்துக்கும் பிரதி போகும். ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பிரதிகளைப் பார்ப்பதற்கு விசாரணை அதிகாரியின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தது.

10.10க்கு சித்தூர். கிடங்குக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பதிவுப் பெட்டி எங்கே என்று கேட்டதும் காவலர் சிரித்தார்.

"அந்தப் பொட்டியா? அது மேலதான் டிபன் கேரியர வெப்பேன். சோறு சூடாவே இருக்கும். உள்ள இன்னா சார் இருக்குது?"

"என் வேலை இருக்குதுண்ணா," என்றார் முருகேசன்.

இருந்தது. ஆயுத பூஜையன்று காலை 10.42: வெளிநாட்டு முதலாளிக்கான பூஜை வீடியோ நிறுத்தத் தடத்தில் ஏற்றப்பட்டது. 10.44: சிக்னல் தாமதமானால் கிரேன் தானாக நிற்க வேண்டிய நேரம் அரை வினாடியிலிருந்து பத்து வினாடியாக மாற்றப்பட்டது. இரண்டிலும் மேலாளரின் டிஜிட்டல் கையொப்பம். 10.51: பொத்தான் மூன்று முறை. ரிமோட் அதைக் குறித்துவைத்து, தடம் தெளிந்ததும் அனுப்பியிருக்கிறது.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்த பிரதியும் எழுத்துக்கு எழுத்து அதுவே.

விசாரணையில் மேலாளர் தலை நிமிரவில்லை. "வீடியோ ஏத்தினதும் வண்டி ரெண்டு தபா நின்னுபோச்சு சார். பூஜைல நின்னா அபசகுனம். அதான் நேரத்த ஏத்திட்டேன்." முருகேசன் மீதான குற்றச்சாட்டு அங்கேயே கைவிடப்பட்டது.

இதேபோல் அலையப்போகிறவர்களுக்கு: சித்தூரில் பதினொன்றரைக்குள் பஸ் பிடியுங்கள், சாப்பாட்டைத் திருப்பதியில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கு: ஒரு பிரதியாவது மேலாளரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நிறுத்தத் தடத்தைச் சாமிக்காகவும் திறக்காதீர்கள்.

வெளியே வந்ததும் முருகேசன் கேட்டார்: "எல்லாம் நீங்க பண்ணது. உங்க பேரு எங்கியும் வரலியே சார்?"

அந்த மேலாளர் மீது எனக்குள்ள வன்மம் இன்னும் ஆறவில்லை. என் பெயரைப் பார்த்தால், வேலை போனவன் பழிதீர்க்க எழுதியது என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். முருகேசன் மீது மறுபடி சந்தேகம் விழும். அந்த இரண்டு பிரதிகளுக்கு என் சாட்சி தேவையில்லை. பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.