சீதன வீட்டில் ஒரு சோதனைக்கூடம்

எங்கள் மூத்த சகோதரியான ராத்தா இறைவனிடம் மீண்டு ஓராண்டாகிறது. அவரது மறுமை வாழ்வுக்காகத் துஆச் செய்யுமாறு முதலில் கேட்டுக்கொள்கிறேன். மற்றக் கோரிக்கை கடைசியில் வருகிறது.

கல்முனையில் பிறந்தார். ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளை கிடைக்கும் முன்பே வாப்பா அவருக்குச் சீதன வீடு கட்டினார்; மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். வெளிநாட்டில் மருத்துவ ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய ராத்தா, அந்த வீட்டின் முன்மண்டபத்தில் குளிர்பெட்டியையும் நுணுக்குக்காட்டியையும் வைத்தார். பெண் பார்க்க வந்த மாமி, "மாப்பிள்ளை எங்க படுக்கிற?" என்று கேட்டார்.

"முதல்ல சலத்தச் சோதிச்சிப் பாப்பம் மாமி. படுக்கிறதப் புறகு பாப்பம்."

மாப்பிள்ளைக்குச் சிறுநீர்ச் சோதனை என்றதும் வந்தவர்கள் தேநீரைக்கூட முடிக்கவில்லை.

சாகாமம் பக்கத்து வயற்காரரின் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்பதே அவரது ஆய்வு. அந்நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த பெண்களைச் சங்கமாகச் சேர்த்தார். அவர்கள் குடிநீரைச் சுத்திகரித்து விற்றார்கள். அந்த வருமானத்தில் சோதனைகள் இலவசமாக நடந்தன. ஆஸ்பத்திரிக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் கேட்டுக் கந்தோர் கந்தோராக ஏறினார். மனுக்களை நான் எழுதினேன். பிரதேச செயலகத்தில் வேலை செய்தவனுக்கு எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பது தெரியும். இயந்திரம் வந்தது. இயக்க ஆள் வரவில்லை. அதற்கு வேறு மனு.

புற்றுநோய் முற்றியபோது, உயிருடன் இருக்கும்போதே வீட்டைச் சங்கத்துக்கு நன்கொடை உறுதிப்பத்திரம் எழுதி ஒப்படைக்கச் சொன்னேன்.

"வீட்டக் குடுத்துப்போட்டு நான் ஆர்ர வீட்டில மௌத்தாகிற, தம்பி?"

எங்கள் பெண்களுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அவர்கள் அதைக் கொடுப்பது வழக்கமில்லை. வஸிய்யத்து என்னும் உயில் மட்டும் எழுதினார், முழு வீட்டுக்கும். மார்க்கச் சட்டப்படி அது மூன்றிலொரு பங்குக்கே செல்லும், மீதி வாரிசுகளுக்கு என்று விளக்கினேன்.

"வாரிசு ஆரு? நீங்க ரெண்டு பேரும்தானே இரிக்கீங்க," என்று சிரித்தார்.

என் பங்கைச் சங்கத்துக்கு எழுதிவிட்டேன். மற்ற வாரிசான என் தம்பி தன் பங்கை விற்கப் போகிறார். பிரித்தால் மண்டபம் நடுவால் உடையும். வாங்க வந்தவர் நாடா பிடித்து அளந்துகொண்டிருக்க, சலக் குப்பியுடன் நின்ற வயற்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அடுத்த மாசம் நாங்க எங்க வாற ஐயா?"

எல்லா நடைமுறையும் தெரிந்த நான் அன்றிரவே இந்த நினைவுக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

ராத்தாவைக் கடைசிவரை பராமரித்த சங்கப் பெண்களுக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டியோருக்கும், தோள்கொடுத்தோருக்கும் நன்றி.

கீழே ஒரு வரி வெறுமையாக இருப்பது அச்சுப் பிழையல்ல. தம்பி, அது உனக்கு நன்றி சொல்வதற்காக விட்ட இடம்.