அந்தத் திருமதி நானில்லை

டென்மார்க்கில் நல்ல மனுசியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குக் கடிதம் வேண்டும். நிரந்தர வதிவிட அனுமதி கேட்கிறவர் எட்டு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும், வேலை செய்திருக்க வேண்டும், மொழிச் சோதனையில் சித்தியடைந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, சமூகத்தில் ஈடுபாடு உள்ளவர் என்பதையும் ஒரு சங்கத்தின் கடிதத்தால் காட்ட வேண்டும் என்பார்கள். விடிந்தும் விடியாமலும் போய் முதியோர் இல்லத்தில் டெனிஷ்காரருக்கு முதுகு தேய்த்து விடுகிறேனே, அது ஈடுபாட்டில் சேராது. அது வெறும் வேலையாம்.

நான் இங்கே அகதியாக வரவில்லை, அகதி ஒருவரின் மனைவியாக வந்தேன். அதனால் என் அனுமதி அட்டை அவரோடு செய்த கலியாணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கலியாணம் முறிந்தால் அட்டையும் போய்விடலாம். என் கணவருக்கு வேறு எந்தச் சட்டமும் தெரியாது, இது மட்டும் தலைகீழ்ப் பாடம். கறியில் உப்புக் கூடினாலும் அதைத்தான் எடுப்பார். “நீர் என்ர விசாவிலதான் இஞ்ச நிக்கிறீர், மறந்து போகாதையும்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். பகிடியாம். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. என் பெயரில், யாருடைய தயவும் இல்லாத ஓர் அட்டை வேண்டும் என்று மனதுக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

கடிதம் பெரிய விசயமில்லை என்றுதான் நினைத்தேன். நாங்கள் இருக்கிற சில்க்போர்க் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. பத்து வருடமாகச் சின்ன வகுப்பு என்னுடையது. டெனிஷில் அழுகிற பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, சப்பாத்து நாடா கட்டி, ‘அ’ எழுத வைத்தது நான். என் கணவரும் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். விழா நாட்களில் ஒலிவாங்கியைத் தட்டி “ஹலோ, ஹலோ” சொல்வது அவருடைய பொறுப்பு. மூன்றாவதாக அவர் ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சங்கத் தலைவரிடம் கேட்டேன். எல்லோருக்கும் அவர் அண்ணைதான். “உமக்கில்லாத கடிதமோ தங்கச்சி? நாளைக்கே தாறன்” என்றார். சொன்னபடியே டெனிஷில் அடித்து, முத்திரை குத்தித் தந்தார். முத்திரையைப் பார்த்த சந்தோசத்தில் நான் அதை ஒழுங்காக வாசிக்காமல் அனுப்பிவிட்டேன். அந்த மடத்தனம் என்னுடையதுதான்.

ஐந்தாறு கிழமையில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கடிதம் வேறொருவரைப் பற்றியது, விளக்கம் தரவும் என்றிருந்தது. மகள் பதிலையும் கடிதத்தின் பிரதியையும் வாசித்துவிட்டு, வழக்கம்போல டெனிஷில் சொன்னாள்: “அம்மா, இதில் நீங்கள் எங்கேயும் இல்லை. பத்து வருடம் படிப்பித்தது அப்பா என்று இருக்கிறது.”

எங்கள் சங்கத்தில் கலியாணம் கட்டிய பெண்களுக்குப் பெயர் கிடையாது. அழைப்பிதழிலும் சரி, வகுப்புப் பதிவேட்டிலும் சரி, திருமதி போட்டுப் புருசனின் பெயரை எழுதுவார்கள். அதுதான் மரியாதையாம். அரசாங்கப் பத்திரங்களில் இருப்பதோ என் பெயரும் என் அப்பாவின் பெயரும். பதிவேட்டைப் பார்த்து டெனிஷில் எழுதும்போது அண்ணை திருமதியையும் எடுத்துவிட்டார். இந்த நாட்டில் அப்படி எழுதும் வழக்கம் இல்லையே. மிஞ்சியது என் கணவர் மட்டும்.

அதே மாலை அண்ணை வீட்டுக்குப் போய், திருத்தித் தரச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“அது சிக்கல் தங்கச்சி. மூண்டு வருசத்துக்கு முதல் உம்மட மனுசன் விண்ணப்பிக்கேக்க இதே மாதிரிக் கடிதம்தான் குடுத்தனாங்கள். இப்ப மாத்தி எழுதினா அவற்ற அனுமதி அட்டைக்குப் பிரச்சினை வரும். குடும்பம் கெட்டுப்போகும், சொல்லிப்போட்டன்.”

‘ஹலோ’ தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர் என் வகுப்பைக் காட்டி நிரந்தரமாகியிருக்கிறார்! வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ர பேரும் உம்மட பேரும் ஒண்டுதானே. இதுக்கேன் இவ்வளவு சத்தம்?” என்றார். அவர் மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். ஆனால் கடிதம் இல்லாதவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. ஒரு சோதனை எழுதலாம். டெனிஷ் அரசர்கள், பாராளுமன்றம், எந்த வருடம் என்ன சட்டம் வந்தது, சரியான விடைக்கு நேரே புள்ளடி போட்டு அடையாளமிட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு வாழ்நாளில் வணக்கம் சொல்லாதவனும் அதில் சித்தியடைந்துவிடுவான். தேநீர் இடைவேளைகளில் படித்தேன். பத்து வருடம் பிள்ளைகளோடு மாரடித்தும் வராத ஈடுபாடு, ஒரு முற்பகலில் புள்ளடி போட்டதும் எனக்கு வந்துவிட்டது.

மறுபடி விண்ணப்பித்து, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு அட்டை வந்தது. என் பெயர், பக்கத்தில் அப்பாவின் பெயர். அதைக் கணவரின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். “ம், நல்லது. அந்தச் சொதியை இஞ்சால தாரும்” என்றார். அதற்குப் பிறகு கறியில் எவ்வளவு உப்புக் கூடினாலும் விசாக் கதை வரவில்லை.

அந்த வருட ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அண்ணை மேடையில் தாளைப் பார்த்து, “பத்து வருடங்களுக்கு மேலான சேவைக்காக, திருமதி…” என்று தொடங்கி என் கணவரின் பெயரைச் சொன்னார். சனம் கை தட்டியது. நான் எழும்பவில்லை. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்ற கணவர் கையைக் காட்டினார்.

“இஞ்சேரும், உம்மைத்தான் கூப்பிடுகினம். எழும்பி வாரும்.”

“அது ஆரெண்டு எனக்குத் தெரியாது” என்றேன், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. “நானெண்டா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.”

கைதட்டல் நின்றது. அண்ணை தாளைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என் கணவரின் பக்கம் சரிந்து, மெதுவாகத்தான் கேட்டார். ஒலிவாங்கியை நிறுத்த வேண்டியவர் நிறுத்தவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

“தம்பி, உம்மட மனுசியின்ர பேர் என்ன?”