மலையேறிய மிதவை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. சென்னையில் கடல் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. நாங்கள் கடலில் மிதவைகளை விடுவோம். கால்பந்தைவிடப் பெரிய உருண்டை, அதற்குக் கீழே நீளமான துணிக்குழாய். நீரோட்டம் இழுக்கிற பக்கம் அது போகும். மணிக்கு ஒரு முறை, தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும். அது கணினித் திரையில் ஒரு புள்ளியாக விழும். நாள் முழுக்க அந்தப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். கண் எரியும், கழுத்து வலிக்கும், வேறொன்றும் நடக்காது.

அந்த மாதம் ஒரு மிதவை கரையேறிவிட்டது. புள்ளி துறைமுகத்தில் நின்றது. பிறகு வேலூர் சாலையில் நகர்ந்து, ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் மிதவையைத் தூக்கி வருவது புதிதல்ல. மலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி என்பதால் என்னையே போய் வாங்கிவரச் சொன்னார்கள்.

காய்ச்சலிலிருந்து எழுந்த உடம்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே மலையேறி, இறங்கி, சாமை அறுத்த நிலங்களுக்கு நடுவே போனில் புள்ளியைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். எடுத்தவரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற எரிச்சல் வேறு.

ஒரு வீட்டு வாசலில், பலா மரத்தடியில் மிதவை கிடந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் மிதவையிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார்.

“எட்துனு போங்க மேடம். இது வந்த நாள்லேர்ந்து இவரு வூட்டுக்குள்ள பட்த்து தூங்கல. இங்கயே குந்தினுகீறாரு.”

பிறகுதான் கணவர் நடந்ததைச் சொன்னார். மீன்பிடிப் படகில் சமையல் வேலைக்குப் போயிருக்கிறார். விடியற்காலையில் பாத்திரம் கழுவும்போது கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டார். என்ஜின் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மலைக் குட்டையில் கற்ற நீச்சல் எவ்வளவு நேரம் தாங்கும்? கை ஓய்ந்த நேரத்தில் இந்த மிதவை கண்ணில் பட்டிருக்கிறது. தேடித் திரும்பி வந்த படகு அவரைக் கண்டுபிடிக்கும்வரை அதைக் கட்டிப்பிடித்துக் கிடந்திருக்கிறார். தூக்கிய பிறகும் விடவில்லை. அப்படியே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார். “கரை எந்தப் பக்கம்னே தெரியல. ஒரே எடத்துல கீற மாதிரியே இருந்துச்சி. எல்லாரும் வுட்டுட்டு போய்ட்டாங்கன்னு நெனச்சிகினேன்.”

எந்த நாள் என்று கேட்டு, போனில் மிதவையின் பாதையைத் தேடி எடுத்தேன். தெற்கே போகும் கோட்டில் அன்றைய காலைப் புள்ளிகள் இருந்தன.

“இந்தப் பக்கமா போயிருக்கீங்க. இதோ, இங்க படகு எடுத்திருக்கு. இதுக்கப்புறம் கோடு நேரா கரைக்குப் போகுது பாருங்க.”

அவர் புள்ளிகளை விரலால் தொட்டார். படம் நகர்ந்துவிட்டது. சரிசெய்து கொடுத்தேன்.

“இவ்ளோ தூரமா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்ப, நீங்க பாத்துகினு இருந்தீங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிதவையின் போக்கு மாறுகிறதே, ஏதாவது வலை சிக்கியிருக்கும் என்று குறித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

“ஆமாங்க” என்றேன்.

அவர் எழுந்து, மிதவையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். துணிக்குழாயை அவர் மனைவி சுருட்டி எடுத்துவந்தார். பஸ் வர நேரமானது. திரும்பிப் பார்த்தால், அவர் அங்கிருந்த ஒரு மரத்தில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் வந்தபோது எழுப்ப வேண்டாம் என்று அவர் மனைவி கையைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேருமே சத்தமில்லாமல் மிதவையை ஏற்றினோம்.

அன்று நான் சொன்ன ‘ஆமாங்க’ பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்காகத்தான், எவ்வளவு அசதியாக இருந்தாலும், இன்றும் ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கிறேன்.