கேசரியும் ஒரே நாள் படங்களும்

ரவை வறுபடும் வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும். ரவை மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரவை வறுபட்டால், சாயங்காலம் யாரோ என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அர்த்தம். செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. வருகிறவர்கள் பெரும்பாலும் மின்சார ரயிலில்தான் வந்து இறங்குவார்கள். ரயில் சத்தம் கேட்டதும் அம்மா முந்திரியை நெய்யில் போடுவார். அதே பச்சைப் புடவை, அதே தட்டு, அதே கேள்வி. நான் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன் என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், "கல்யாணத்துக்கு அப்பால வேலைய வுட சொன்னா வுட்ருமா?" என்று யாராவது ஒரு பெரியம்மா கேட்பார். சோபாவில் உட்காருகிற ஆட்கள் மட்டும்தான் மாறினார்கள்.

அந்தப் படங்கள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரே நாளுக்குள் மாட்டிக்கொள்கிறவர்களின் படங்களைச் சொல்கிறேன். காலையில் கண் விழித்தால் நேற்றைய காலையே திரும்ப வந்து நிற்கும். ஹீரோவுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கும், ஊரில் மற்ற யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அவன் முதலில் பயப்படுவான், பிறகு ஆட்டம் போடுவான், பிறகு அலுத்துப்போவான். பார்க்கிற நமக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஆபீசில் யாராவது நல்ல படம் சொல்லு என்று கேட்டால் இந்த வகையைத்தான் சொல்வேன். கால இயந்திரம் வருகிற படத்தைத் தொடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதில் தாடி வைத்த ஒரு விஞ்ஞானி பலகையில் கோடு போட்டு விளக்கியே பாதிப் படத்தைத் தின்றுவிடுவார். ஏன் மாட்டினான் என்று விளக்கம் கொடுக்காத படம்தான் நல்ல படம். புதிதாகப் பார்க்கிறவர்கள் அம்மாவும் மகளும் உடம்பு மாறிப்போகிற படத்தில் தொடங்கலாம். அழுகை வேண்டுமென்றால் பழைய டெலிபோனில் செத்துப்போனவர் பேசுகிற படம் இருக்கிறது. ஆனால் திரும்பி வருகிற நாளுக்கு ஈடு கிடையாது.

ஜாதகம் பொருந்தி, கேசரித் தட்டும் காலியானால், எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பையனும் பெண்ணும் ஃபோனில் பேசிக்கொள்ள அனுமதி உண்டு. எல்லாப் பையன்களும் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடுத்த கேள்வி பொழுதுபோக்கு என்ன என்பது. படம் பார்ப்பேன் என்பேன். நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்பார்கள். எனக்குப் பிடித்த ஒரு படத்தைச் சொல்லிவிட்டு என்ன பதில் வருகிறது என்று காத்திருப்பேன். வேறு எந்த வழியிலும் ஒரு ஆளைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்ள முடியாது.

ஒருவர், வந்த சீனே திரும்பத் திரும்ப வருகிறது, பிரிண்ட் கோளாறு போலிருக்கிறது என்று ஓட்டிவிட்டுப் பார்த்தாராம். இன்னொருவர் யூடியூபில் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "சூப்பர் படம், டைரக்டர் வேற லெவல்" என்று எழுதினார். மூன்றாமவர் வீட்டில் அவருடைய அம்மா கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முத்தக் காட்சி வந்ததாம். இப்படிப் படம் பார்க்கிற பெண் நமக்கு வேண்டாம் என்று மறுநாளே தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவமானமாக இல்லை. அருவருப்பாக இருந்தது. படத்தைப் பார்க்காமலேயே பார்த்ததாகச் சொல்கிறவன் நாளைக்கு நான் சொல்வதைக் கேட்காமலேயே கேட்டதாகச் சொல்வான்.

இந்தப் படங்களில் எனக்கும் ஒரு குறை உண்டு. ஹீரோ அந்தப் பெண்ணை மடக்குகிற பகுதி. ஒருநாள் அவளுக்குப் பிடித்த ஐஸ்கிரீமைக் கேட்டு வைத்துக்கொள்வான். மறுநாள் அதையே வாங்கிக்கொண்டு வந்து, உனக்கும் இதுதான் பிடிக்குமா, எனக்கும்தான் என்று ஆச்சரியப்படுவான். இன்னொரு நாள் அவளுக்குப் பிடித்த பூ. அவன் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறான், அவளுக்கு அன்றைக்குத்தான் பரீட்சை என்பதே தெரியாது. பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். இது நியாயமில்லை என்று வீட்டில் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவன் என் தம்பி. தாம்பரத்தில் ஒரு செல்ஃபோன் கடையில் வேலை செய்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என் லேப்டாப்பில் இந்தப் படங்களைப் பாதி பார்ப்பான், பாதி தூங்குவான்.

எனக்கு ரொம்பப் பிடித்த படம் ஒரு துறைமுக ஊரில் நடக்கும். ஒரு பெண் தினமும் தீவுக்குப் போகிற படகைத் தவறவிடுவாள். மறுநாள் அதே காலை வரும், ஹீரோவுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கும். தம்பியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால் கரண்ட் போய்விட்டது, லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. "முடிவு இன்னாக்கா?" என்றான். நான் அதை முன்பே பார்த்தவள். கடைசியில் அவளும் ஹீரோவும் கைகோத்துக்கொண்டு படகில் போவார்கள், மேளம் கொட்டாத குறைதான். எனக்கு அந்த முடிவு அறவே பிடிக்காது. அதனால் எனக்குப் பிடித்த முடிவைச் சொன்னேன். அவள் படகுத்துறையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, படகுக்குக் காத்திருக்காமல் வெறுங்காலோடு ஊருக்குள் திரும்பி நடப்பாள் என்றேன். நல்லாக்கீது என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போனான்.

போன வருஷக் கடைசியில் மதுராந்தகத்துக்காரர் ஒருவர் வந்தார். சென்னையில் தனியார் கம்பெனி வேலை. கேசரியை மிச்சம் வைத்தார். அதுவே எனக்குப் பிடித்துப்போனது. ஃபோனில் பேசியபோது சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. துறைமுகப் படத்தைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அவளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அது நியாயமில்லீங்க" என்றார். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகளும் இதற்காகத்தான் என்றுகூட நினைத்தேன். அம்மா கல்யாண மண்டபம் விசாரிக்க ஆரம்பித்தார்.

நேரில் பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். மாமல்லபுரம் போவதென்று ஏற்பாடானது. தனியாக அனுப்ப மாட்டார்கள், தம்பி வண்டியில் கூட்டிப் போனான். கடற்கரையில் எங்களை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு ஐஸ் வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன் வறுக்கிற எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. பாசிமணி விற்கிற அம்மா பக்கத்தில் வந்ததும், "வேணாம்மா, அவங்களுக்குப் புடிக்காது" என்று அவரே சொல்லி அனுப்பினார். மீன் கடையில் வஞ்சிரத்தைத் தாண்டி நெத்திலி வாங்கினார். எனக்கு நெத்திலிதான் பிடிக்கும் என்றேன். "அப்படியா, எனக்கும்தான்" என்றார். அந்தச் சொல் என்னை எங்கோ இடித்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

பிறகு படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கடைசி சீன்தாங்க எனக்கு. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நடந்து போறா பாருங்க, அங்க கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

கையிலிருந்த நெத்திலியைத் தட்டிலேயே வைத்தேன்.

"செருப்பு என்ன கலர்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்து, "சிவப்பு" என்றார்.

"அப்படி ஒரு சீனே அந்தப் படத்துல கிடையாது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐஸ் வண்டிப் பக்கம் பார்த்தார். அங்கே என் தம்பி குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டு நின்றிருந்தான். எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொட்டை மாடியில் என்னைத் துள்ள வைத்தது நானே என் தம்பியிடம் சொன்ன வாக்கியம். ஒரு மாதமாக நான் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருக்குத் தான் செய்தது தப்பென்றே தோன்றவில்லை. "உங்க தம்பியக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், உண்மைதான். உங்களுக்குப் புடிச்சத தெரிஞ்சுகினு வர்றது நல்லதுதானே? மத்தவங்க இவ்ளோ கஷ்டப்பட மாட்டாங்க" என்றார். "படம் ஒண்ணரை மணி நேரம்தான். அதைப் பார்க்கிறதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். நேரமில்லை என்றார். கை கழுவக்கூடத் தோன்றாமல் எழுந்து வந்துவிட்டேன். மீன் எண்ணெய் வாடை அன்றைக்கு முழுக்கக் கையை விட்டுப் போகவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தம்பியை வண்டியை நிறுத்தச் சொன்னேன். இன்னும் என்னென்ன சொன்னாய் என்றேன். முதலில் மழுப்பினான். பிறகு எல்லாமே வந்தது. எனக்குக் கேசரி பிடிக்காது, வேலையை விடச் சொன்னால் கோபம் வரும், சாப்பிட்டாயா என்று கேட்டால் பிடிக்காது. பட்டாணிப் பொட்டலத்தைக் கொட்டியதுபோல ரோட்டோரத்தில் என்னைக் கொட்டி வைத்தான்.

"இன்னாக்கா பெருசா பண்ணிட்டேன்? உன் படத்துல ஹீரோ பண்றததான் பண்ணேன். நீதான அத்த பாக்க சொன்ன?" என்றான். பிறகு குரல் உடைந்தது. அவனுக்கு ஒரு பெண் இருக்கிறாள், அவளும் மதுராந்தகம். அவள் மூலமாகத்தான் இந்த வரன் பற்றியே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "அவ வூட்ல வேற எடம் பாத்துகினு கீறாங்க. உனக்கு முடிஞ்சாதான் எனக்கு. நீயோ யார் வந்தாலும் வாணாங்குற. நான் இன்னா பண்றது?" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். அது அருவருப்பைக் குறைக்கவில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், எனக்கு இனி யாரும் வர வேண்டாம், முதலில் இவனுக்கு முடியுங்கள் என்றேன். "அக்காக்காரி வூட்ல உக்காந்துகினு கீறப்போ தம்பிக்குப் பண்ணா ஊரு இன்னாடி பேசும்?" என்றார் அம்மா. ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவை அடுப்பில் ஏறியபோது போய் அணைத்தேன். வந்தவர்கள் பச்சைப் புடவை இல்லாத, நைட்டி போட்ட என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மதுராந்தகம் போக வெற்றிலை பாக்கு வாங்கச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் வீடு ஏரிக்கரையிலிருந்து கொஞ்ச தூரம். காதல் கல்யாணம்தான், ஆனாலும் முறைப்படி பார்க்க வேண்டுமாம். சோபாவில் உட்கார்ந்தோம். கேசரி வந்தது. பச்சைப் புடவையில் அவள் தட்டோடு வந்து நின்றாள், கண் தரையில். என் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்பால வேலைக்குப் போவியாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் எந்தக் கேள்விக்கு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாரோ, அதே கேள்வி. பக்கத்தில் தம்பி இரண்டாவது தட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அந்த சோபாவில் உட்கார முடியவில்லை. எழுந்து அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, வா, உள்ளே போவோம் என்று அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்ததும் அவள், "அண்ணி, நீங்கதான் அவருக்குப் படமெல்லாம் சொல்வீங்களாமே. அந்த போட் படம் சொன்னாரு. கடைசில செருப்பப் போட்டுட்டு நடந்து போவா, செமயா இருக்கும்னாரு. ரெண்டு தடவ பாத்துட்டேன். அந்த சீன் வரவே இல்லீங்களே. ரெண்டு பேரும் கையக் கோத்துகினு போறாங்க. பாத்ததும் கடுப்பாயிடுச்சு" என்றாள்.

நான் சொன்ன படத்தைக் கடைசி வரை பார்த்த ஒருத்தியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அவள் என்னிடம் படம் கேட்கக்கூட இல்லை. நெஞ்சு நிறைந்துபோனது.

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. நான் சரியா பாக்கலன்னு சொன்னாரு. அவரு மூணு தடவ பாத்தாராம்."

கூடத்தில் அம்மா நிச்சயத்துக்கு நாள் பேச ஆரம்பித்திருந்தார். ஒரு பொய் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். இவன் கல்யாணத்துக்காகத்தான் நான் அடுப்பை அணைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பார்த்ததுதான் சரி" என்றேன். "அந்த சீன் நான் சும்மா சொன்னது. அவன் அந்தப் படத்தை முழுசாப் பார்த்ததே இல்லை."

அவள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவர கொஞ்சம் உள்ள வர சொல்லுங்க அண்ணி" என்றாள்.

நான் கூடத்துக்குப் போனேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உன்ன உள்ள கூப்புடுறா" என்றேன். "கேசரிய வெச்சிட்டு எழுந்து போ."