நிக்டியில் வெறும் வயிற்று ரத்தம்

2008 ஜனவரியில் நான் புனே போனது ரத்தத்துக்காக. ஊர் சுற்றிப் பார்க்க யாரும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அப்போது சென்னையில் ஆய்வு மாணவியாக இருந்தேன். மனிதர்கள் எல்லோருக்கும் அநேகமாக ஒரே மரபணுக்கள்தான். ஆனால் ஒரு மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்யும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் பரம்பரையாக வரும் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. ஐரோப்பியர்களிடம் ஒரு மரபணுவை நன்றாக முடுக்கிவிடும் மாற்றம், எங்கள் தமிழ்நாட்டு ரத்த மாதிரிகளில் சோம்பிக் கிடந்தது. காரணம் பரம்பரையா, சோறு தண்ணீரா? அதைப் பிரித்தறிய, வெகுகாலம் வெளியூரில் வாழும் தமிழர்களின் ரத்தம் வேண்டும். சாப்பிட்டால் மரபணுக்களின் வேலை மாறும், அதனால் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ரயிலில் இருபது மணி நேரம். ஸ்டேஷன் எதிரே லாட்ஜ், நாளுக்கு 350 ரூபாய், வெந்நீர் ஒரு பக்கெட்தான். முதலில் நகரின் வானவடிப் பகுதியில் வேலை. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஆறரைக்கே கையை நீட்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் என்னிடம் இந்தியில் விடைபெறுவார்கள். பிறகு நான் தனியாக மிசல் பாவ், அதாவது காரக் குழம்பும் பன்னும், சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரொம்பத் தனிமையாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

மிச்சம் ஒருவர்தான், நகரின் மறுகோடியில், நிக்டியில் இருந்த ஆறுமுகம் ஐயா. திருநெல்வேலிக்காரர், போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ரத்தம் கிடைக்காவிட்டால் புனே மாதிரிகள் மொத்தமுமே கணக்குக்குப் போதாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின இரவே போன் போட்டு, தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். காலை லோக்கல் ரயிலில் ஆகுர்டி ஸ்டேஷன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மொத்தம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

கதவைத் திறந்தார். மேஜையில் இரண்டு தட்டு, நடுவில் இட்லி.

"நாஷ்டா முடிஞ்சிட்டும்மா, ஒரு இட்லிதான். நீ வந்ததும் சேர்ந்து இன்னும் ரெண்டு சாப்பிடலாம்னு இருந்தேன். வந்த பிள்ளைய தனியாச் சாப்பிடச் சொல்லலாமா?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். "கோயி பாத் நஹி, பரவாயில்ல, நாளைக்கு எடுத்துக்கோ" என்றார் அவர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த வாரத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மறுநாளும் இரண்டு தட்டு, அதே பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐயா, நாளைக்கு மத்தியானம் எனக்கு ரயில். இது என் மூணு வருஷ உழைப்பு."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வீட்டுக்காரி போயி ஏழு வருஷம் ஆச்சு. எம் பய நாசிக்ல, போன்ல மராட்டில பேசுவான். ரத்தம் எடுத்துட்டா நீயும் போயிருவேல்லா?"

எல்லோரிடமும் காய்ச்சலா, மாத்திரையா, தூக்கம் எப்படி என்று கேட்டிருந்தேன். வீட்டில் பேச ஆள் உண்டா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. "எடுத்த பிறகும் இருப்பேன் ஐயா, ரயிலுக்கு நேரமாகும் வரைக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை அடுப்பே பற்றவைக்கவில்லை. சட்டைக் கையை மடித்து, ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஞ்சை அழுத்திக்கொண்டே, "உன் வேலை முடிஞ்சிட்டுல்லா" என்றார். "முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு நான் போய் இட்லிப் பாத்திரத்தை ஏற்றினேன். பிற்பாடு ஆய்வகத்தில் அவர் குழாய் வெறும் எண்ணாகிவிட்டது. எது அவருடையது என்று எனக்கே தெரியாது.

இப்படி மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி என்றால் ஸ்வெட்டர் அவசியம். ஐஸ் கட்டி ஸ்டேஷன் பக்கத்து மீன் கடைகளில் கிடைக்கும். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் பட்டினி இருக்கச் சொல்வதற்கு முன்னால், ரத்தம் எடுத்த பிறகு இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிடுங்கள்.