முப்பத்தாறு நொடி

ஏரிக்கரையில் அவளுக்கு முப்பத்தாறக்கா என்று பெயர். நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு சிவப்பு மிதவைகள். அந்தத் தூரத்தை முப்பத்தாறு நொடிக்குள் ஒரு படகு கடந்தால், மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்ற வரம்பை மீறிவிட்டது என்று அர்த்தம். பதினோரு வருடமாகக் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகதாட்சண்யம் எல்லாம் அவளிடம் செல்லாது. அதிலும் போன வருடம் ஒரு வேகப் படகு கிளப்பிய அலையில், துடுப்புப் படகோட்டும் அவள் தம்பி கவிழ்ந்து தோள் எலும்பு முறிந்த பிறகு, கேட்கவே வேண்டாம்.

அன்று காலை அவளிடம் மாட்டியது அதிகாரியின் மச்சான். அபராதச் சீட்டு கைக்கு வந்த வேகத்தில் தன் அக்கா புருஷனான அந்த அதிகாரியிடம் ஓடினான்.

அதிகாரி அவள் முன் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். "புது ரேடார் ஒன்பதுன்னு காட்டியிருக்கு. நீ பத்தொன்பதுன்னு எழுதியிருக்கே. தப்புன்னு மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம். மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் பொய் சொல்லலை சார். வெயில் படக்கூடாதுன்னு அதை வராண்டாவுல உக்கார வச்சது நாமதான். படகு குறுக்கே போனா அது குறைச்சுத்தான் காட்டும். நேரா எதிர்ல வரணும். எடுத்துக்கிட்டு படகுத்துறை முனைக்கு வாங்க."

மச்சான் சிரித்தான். "வாங்க மாமா. காலையில போன அதே வேகத்துல ஓட்டிக் காட்டறேன். இந்தம்மா மூஞ்சியை எங்க வச்சுக்குதுன்னு பார்ப்போம்."

சொன்னபடியே ஓட்டினான். அந்த ஒரு விஷயத்தில் அவன் யோக்கியன். படகு மிதவைகளைத் தாண்டி நேராகத் துறை முனையை நோக்கிச் சீறி வந்தது. அவள் ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினாள். பத்தொன்பது நொடி. அதிகாரி கையிலிருந்த ரேடாரிலும் மணிக்குப் பத்தொன்பது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, இந்த ஒரு தடவை விட்டுடலாமே," என்றார் மெதுவாக.

"விடலாம் சார். விடச் சொன்னது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. அவள் தொட்டாள். மன்னிப்புக்காகக் கொடுத்த வெள்ளைத்தாளை முழங்காலில் வைத்து, தேதியும் நேரமும் போட்டு, கரையேறிய மச்சானிடம் நீட்டினாள்.

"அதான் காலையிலேயே சீட்டு குடுத்துட்டியே!"

"அது காலையில போனதுக்கு. இது இப்போ போனதுக்கு."